ஒரு நெற்றியில் மூன்று பட்டைகள்

முகத்தை யாரும் நம்பாத காலம் வந்திருந்தது. யார் முகத்தையும் யார் குரலையும் வீட்டில் உட்கார்ந்தபடியே உண்டாக்கிவிடலாம் என்று ஆன பிறகு அடையாள அட்டை, கையெழுத்து, கைரேகை எல்லாம் ஒவ்வொன்றாகச் செல்லாமல் போயின. கடைசியில் மிஞ்சியது மனம்தான். ஒருவர் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளும் விதத்தை மட்டும் இன்னொருவரால் போலியாகச் செய்ய முடியாது என்று முடிவானது. பல்கலைக்கழகம் தேர்வுகளை எடுத்துவிட்டு, பிள்ளைகளின் நெற்றியில் பட்டையைக் கட்டியது.

பட்டை என்பது மாணவிகள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. விரல் அகலத்தில் ஒரு ரப்பர் வார். அதன் உட்பக்கம் மிளகு அளவில் உலோகப் பொட்டுகள். கட்டிக்கொண்டால் எலும்பு வழியாகக் காதுக்குள் பாடம் கேட்கும். புரிகிறதா, புரியாமல் தலையாட்டுகிறோமா, மனம் எழுந்து சாப்பாட்டுக்குப் போய்விட்டதா என்று அதற்குத் தெரியும். புரியாவிட்டால் அது கோபப்படாது. வேறு வழியாக வரும். அப்படி மூன்று வருடம் கேட்டது எல்லாம் சேர்ந்து ஒரு பதிவாகும். அந்தப் பதிவுக்குத்தான் பட்டம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் இருந்த அந்தப் பெண்கள் கல்லூரியில் பட்டையை யாருக்கும் பிடிக்கவில்லை. எண்ணெய் தேய்த்த நெற்றியில் அது நிற்காது, வழுக்கிப் புருவத்துக்கு வரும். வெயில் காலத்தில் அதன் அடியில் வேர்க்குரு. கல்லூரி முழுக்கப் பயன்பாட்டு நேரம் போதாமல் திரையில் சிவப்பில் கிடக்க, விடுதியில் ஓர் அறை மட்டும் மூன்று வருடமாகப் பச்சையில் இருந்தது. அதைப் பார்க்கத்தான் பொன்மலர் வந்தாள்.

பொன்மலர் மதுரையில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். மாணவர்கள் மின்வழிக் கற்றல் கருவிகளை ஏற்றுக்கொள்வதற்கான காரணங்கள் என்னென்ன என்பது அவளுடைய ஆராய்ச்சி. கையில் ஒரு டேப்லெட்டோடு வந்து, அந்த அறையின் மூவரில் ஒருத்தியான ஷெர்லினின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கேள்வியை வாசித்தாள்.

"பட்டையை எதனால பயன்படுத்துறீங்க? ஒண்ணு, படிப்புக்கு உதவும்னு நம்புறேன். ரெண்டு, பயன்படுத்த எளிதா இருக்கு. மூணு, கூடப் படிக்கிறவங்க பயன்படுத்துறாங்க. நாலு, ஆசிரியர் சொல்றாங்க. அஞ்சு, மற்றவை."

"எல்லாத்துலயும் டிக் போட்டுக்கோங்கக்கா" என்றாள் ஷெர்லின். நாசரேத்தில் அவள் அப்பா பெரிய காண்டிராக்டர். யார் எதைக் கேட்டாலும் மறுக்க அவளுக்கு வராது, யாரிடமும் எதையும் கேட்கவும் தயங்க மாட்டாள்.

தரையில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்த நூருன்னிசா, "போடாட்டி தோல உரிச்சிருவாங்கன்னு ஒரு டப்பா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"அது நாலுல வரும்."

"அப்ப நாலு. சாமி கூட கண்ணத்தான் குத்தும். காலேஜு கொடல உருவிரும்."

பொன்மலர் சிரித்தாள். பிறகு, ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள். "நீங்க சொல்லலியே. உங்க பேரு?"

"முப்பிடாதி."

"அவ பேச மாட்டாக்கா" என்றாள் ஷெர்லின். "பட்டைகிட்ட மட்டுந்தான் பேசுவா."

முப்பிடாதி ஒரு சுடிதாரை மடித்து முடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"பரவால்ல, யோசிச்சுச் சொல்லுங்க. இந்தக் காலேஜ்ல உங்க ரூம் மட்டும் எப்படி இப்படின்னுதான் எனக்குப் புரியல. அதனால உங்க மூணு பேரோட பதிவையும் பல்கலைக்கழகத்துல கேட்டு எழுதியிருக்கேன்."

சீப்பு நின்றது. ஷெர்லின் தலையணையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பதிவுல என்னக்கா தெரியும்?"

"நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிறீங்கன்னு தெரியும். ஒருத்தருக்குக் கணக்காச் சொன்னா ஏறும். ஒருத்தருக்குப் படமா வேணும். எங்க தடுமாறுறீங்க, எதச் சொன்னா சட்டுனு பிடிச்சுக்கிறீங்க, எல்லாம். தூரத்துல வர்ற ஆள நடைய வச்சே கண்டுபிடிச்சிடுறோம்ல, அது மாதிரி."

"ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி இருக்காதா?"

"இருக்கவே இருக்காது. அதனாலதான் இந்த வருஷத்துலேர்ந்து, பட்டம் குடுக்குறதுக்கு முந்தி எல்லார் பதிவையும் எல்லார் பதிவோடயும் ஒப்பிட்டுப் பாக்கப் போறாங்க. இதுக்கு முன்னாடி அவ்வளவு பெரிய மெஷின் இல்ல. இப்ப வாங்கிட்டாங்க." அவள் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னாள்.

பொன்மலர் போன பிறகு மூவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். மூன்று பட்டைகளும் ஜன்னல் கம்பியில் தொங்கின. மூன்றும் ஒருத்தியின் வியர்வையில் வெளுத்திருந்தன.

முதல் வருடம், முதல் நாள், ஆங்கில வகுப்பில் பெயர் கூப்பிட்ட மேடம் முப்பிடாதியின் பெயரில் வந்து நின்றுவிட்டாள். "முப்..." என்று ஆரம்பித்து, கண்ணாடியைச் சரிசெய்து, மறுபடி "முப்..." என்றாள். வகுப்பு சிரித்தது. மறுநாளிலிருந்து அந்த மேடம் அவளை எண் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மன் பெயரை வைத்த அம்மாமீது முப்பிடாதிக்குக் கோபம் வரவில்லை. வாயைத் திறந்தால்தானே சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். தமிழில் படித்து வந்தவளுக்கு வகுப்பில் ஓடிய ஆங்கிலம் பஸ் ஜன்னல் வழியே பார்க்கும் ஊர்ப்பலகைகள் மாதிரி இருந்தது. எழுத்துக் கூட்டுவதற்குள் போய்விடும்.

வசதியுள்ளவர்கள் சேர்ந்த அன்றே பட்டை வாங்கிவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கல்லூரி இலவசமாகக் கொடுக்கும். ஆனால் அது வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஷெர்லினுக்கு இரண்டாம் நாளே பட்டைக்கு அடியில் பருக்கள் வந்தன. வரவேற்பு விழாவில் அவள் ஆட வேண்டியிருந்தது.

"ஏட்டி முப்பி, இத நீ கொஞ்சம் போட்டுக்கிடுதியா? சும்மாதான இருக்க."

அந்தக் கல்லூரியில் அவளை ஒருத்தி பெயர் சொல்லி, அதுவும் சுருக்கிச் செல்லமாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போட்டுக்கொண்டாள்.

வருகைப்பதிவில் ஒருத்திக்கு இன்னொருத்தி "யெஸ் மேடம்" சொல்வது எல்லாக் கல்லூரியிலும் உள்ளதுதான். ப்ராக்ஸி. அதைச் செய்பவளை யாரும் தப்பாகப் பார்த்ததில்லை. செய்ய மாட்டேன் என்பவளைத்தான் விடுதியில் ஒதுக்கி வைப்பார்கள். பட்டையும் அதில் ஒன்று என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். கூப்பிடும்போது ஒரு குரல் வேண்டும், அளக்கும்போது ஒரு நெற்றி வேண்டும், அவ்வளவுதானே.

"வணக்கம், ஷெர்லின்" என்றது பட்டை. "இன்று கரைசல்களைப் பற்றிப் பார்க்கலாமா?"

முதலில் ஆங்கிலத்தில் சொன்னது. அவள் மனம் புரியாமல் விழித்து நின்றதைப் பார்த்துத் தமிழுக்கு வந்தது. சர்க்கரையும் காபியும் சொல்லிப் பார்த்தது. மருந்து பாட்டில் சொல்லிப் பார்த்தது. கடல்நீர் என்று சொன்னபோது அவளுக்குள் ஏதோ அசைந்திருக்க வேண்டும். அங்கேயே நின்றுகொண்டது. அவள் அம்மா பொன்னுத்தாய் உப்பளத்தில் உப்பு வாரும் வேலை பார்ப்பவள் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் பாடமெல்லாம் அளத்திலிருந்துதான் வந்தது. பாத்தியிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் மாறும்போது முதலில் ஜிப்சம் ஏன் படிகிறது, உப்பு ஏன் பின்னால் வருகிறது, ஒரே தண்ணீரில் ஒன்றாய்க் கிடப்பவை எந்த நேரத்தில் பிரிந்துகொள்கின்றன. சின்ன வயதிலிருந்து கண்ணெதிரே நடந்ததற்கு எல்லாம் காரணம் இருந்தது என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தேகம் கேட்டால் அது சிரிக்கவில்லை. ஒன்பதாவது தடவை கேட்டபோதும் சிரிக்கவில்லை.

நூருக்கு முக்காட்டுக்குள் பட்டை இறுக்கித் தலைவலி வந்தது. அவளும் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து இலவசப் பட்டை வந்தது. அதைக் கட்டியதும், "வணக்கம், முப்பிடாதி" என்று அது தடுமாறாமல் முழுசாகச் சொன்னது. அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

முதல் மாதம் பழகும் காலம் என்பதும், யார் மனம் என்று பட்டை அப்போதுதான் கற்றுக்கொள்ளும் என்பதும், அதற்குப் பிறகு வேறு ஆளை ஏற்காது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. பருவெல்லாம் ஆறிய பிறகு ஒருநாள் ஷெர்லின் தன் பட்டையைத் தானே எடுத்துக் கட்டினாள். "மன்னிக்கவும். நீங்கள் ஷெர்லின் இல்லை. இதை உரியவரிடம் கொடுத்துவிடுங்கள்" என்றது. மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நூர் தரையில் உருண்டாள்.

அதன் பிறகு மூன்று பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு முப்பிடாதி உட்காருவாள். "திருநீறு பூசின சாமியாரு மாதிரியே இருக்கட்டி. எனக்கு எப்பம் கல்யாணம், குறி சொல்லு" என்பாள் நூர். பதிலுக்கு அவர்கள் பஸ்ஸில் அவளுக்கு இடம் போட்டு வைத்தார்கள். நோன்புக் கஞ்சியில் பங்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு நாசரேத்துக்குக் கூட்டிப் போனார்கள். முப்பி, முப்பி என்று கூப்பிட்டார்கள். எதுவும் பாரமாகத் தோன்றவில்லை அவளுக்கு.

விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பொன்னுத்தாய் ஒன்றையேதான் சொன்னாள். அவள் வேலை பார்த்த உப்புக் கம்பெனியில் ஒரு சோதனைக்கூடம் உண்டு. கண்ணாடி ஜன்னலும் மின்விசிறியும் உள்ள அறை. வேதியியல் பட்டம் பெற்ற பெண்கள் அதற்குள் உட்கார்ந்து உப்பைச் சோதிப்பார்கள். "டிகிரிய வாங்கிட்டா ஒனக்கு நெழல்ல வேல. வாங்கலன்னா எங்கூட வெயில்ல. ரெண்டே ரெண்டுதாம்ளா." வெடித்த பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொல்வாள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பாள். உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் அவளுக்குப் பார்வை மங்கியிருந்தது.

கடைசிப் பருவம் முடிந்த வாரம் மூவருக்கும் ஒரே நேரத்தில் செய்தி வந்தது. மூன்று பதிவுகளும் முழுமையாக ஒத்துப்போகின்றன. முதற்பதிவு ஷெர்லினுடையது. மற்ற இரண்டும் நகல்கள், நீக்கப்படும்.

கல்லூரியில் மின்வழிக் கற்றலுக்குப் பொறுப்பு ஜெபக்கனி மேடம். மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னாள்.

"யாரு யாருக்குப் போட்டீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. கேட்டா நீங்க சொல்லுவீங்க. சொன்னா நான் எழுதணும்."

"மூணும் நான்தான் மேடம்" என்றாள் முப்பிடாதி.

ஷெர்லின் திரும்பிப் பார்த்தாள். ஜெபக்கனி மேடம் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் டீயை ஊற்றி, குடிக்காமல் வைத்தாள்.

"தெரியும்மா. ரெண்டாவது வருஷமே தெரியும். மூணு பேரும் ஒரே நிமிஷம் எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போவீங்களா? ஆனா ஒங்க ரூம் பச்சைய காட்டித்தான் இந்தக் காலேஜுக்கு அடுத்த வருஷ அனுமதி வாங்கினேன். மத்ததெல்லாம் செவப்பால்லா கெடக்கு."

"அப்ப உண்மைய எழுதுங்க மேடம்" என்றாள் நூர்.

"எழுதுனா அது ஆள்மாறாட்டம். போட்டவளுக்கும் கெடையாது, போடச் சொன்னவளுக்கும் கெடையாது. மூணு பேரும் வெளிய. எழுதலன்னா ரெண்டு நகல் போவும், ஒரு அசல் நிக்கும். ஒருத்தியாவது கரை சேரட்டுமே."

"எது மேடம் அசல்?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"மொதல்ல பதிவானது."

"அதுவும் என் மனசுதான் மேடம்."

"மனசு ஒன்னோடதுதாம்மா. பேரு ஷெர்லினோடது. பட்டம் பேருக்குத்தான குடுக்காங்க?" மேடம் ஆறிய டீயைக் குடித்தாள். "ஒண்ணு இருக்கு. நகல் கெளம்பின எடத்துல அசல நேர்ல பாக்கணும்னு விதி. வர்ற திங்கக்கிழமை பல்கலைக்கழக மையத்துல போயி உக்காரணும். மொகத்த ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. மொகம் செல்லாது. பட்டைய கட்டுனதும் அது ஷெர்லின்னு சொல்லணும். அவ்வளவுதான்." அதை அவள் மூவரில் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அறைக்கு வந்ததும் ஷெர்லின் அழுதாள். அழுகை உண்மையான அழுகைதான். கனடாவில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் பட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் விசாவுக்கு எழுதுவார்கள். அப்பா மண்டபம் பிடித்துவிட்டார்.

"முப்பி, ஒரு தடவ. ஒரே ஒரு தடவ போயி உக்காந்துட்டு வந்துரு. இத்தன நாளு உக்காந்தல்லா."

"போவாத முப்பி" என்றாள் நூர். "மூணு பேரும் சேந்துதான சிரிச்சோம்? மூணு பேரும் சேந்தே போவோம்."

"ஒனக்கென்னட்டி, ஒனக்குத்தான் போயிட்டே. அந்த வயித்தெரிச்சல்ல பேசாத."

"ஆமா, வயித்தெரிச்சல்தான். பி.எட். படிச்சு டீச்சராவணும்னு இருந்தேன். இப்பம் எங்க மாமா கடையில செல்போனுக்குக் கவர் மாட்டப் போறேன். எரியாதா? எனக்கு எரியிது. இவளுக்கு ஏன் எரியலன்னுதான் தெரியல."

முப்பிடாதி ஜன்னல் கம்பியில் தொங்கிய பட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் போகாவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை. தான் போனாலும் தனக்கு எதுவும் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் யோசித்தாள்.

ஷெர்லின் கண்ணைத் துடைத்தாள். அவள் குரல் சின்னதாகிவிட்டது.

"நீ போவலன்னா எங்கப்பா கேப்பாங்க முப்பி. நான் என்ன சொல்லட்டும்? எங்களுக்குத் தெரியாம நீயா எடுத்துக் கட்டிக்கிட்டேன்னுதான் சொல்ல முடியும். வேற என்ன சொல்ல?"

நூர் சீப்பை எடுத்துச் சுவரில் எறிந்தாள். அது இரண்டாக உடைந்தது.

அப்போதும் ஷெர்லின் முப்பி என்றுதான் கூப்பிட்டாள் என்பதை முப்பிடாதி கவனித்தாள்.

திங்கட்கிழமை அவள்தான் போனாள். பல்கலைக்கழக மையம் குளிரூட்டிய கூடம். வரிசையாகக் கண்ணாடித் தடுப்புகள். ஒரு தடுப்புக்குள் உட்கார வைத்து, ஷெர்லினின் பட்டையைக் கட்டச் சொன்னார்கள். அதிகாரி எதிரில்தான் இருந்தார். அவள் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். திரையில் பச்சை விழுந்தது.

"வணக்கம், ஷெர்லின்" என்றது காதுக்குள். "நாம் மூன்று வருடம் படித்ததில் ஒரே ஒரு கேள்வி. உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் தண்ணீரில் என்ன இருக்கிறது?"

அவளுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் பழுப்பாக, கையில் எண்ணெய் மாதிரி வழுக்கும். அம்மா அதில் நின்றுதான் வேலை செய்கிறாள். நாக்கில் வைத்தால் கசக்கும். மக்னீசியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட், கொஞ்சம் பொட்டாசியம். உப்பை விட அதிகமாகத் தண்ணீரில் கரையக்கூடியவை என்பதால் கடைசிவரை படியாமல் நிற்பவை. அதை வடித்துவிடாமல் உப்போடு விட்டால் உப்பு ஈரம் குடித்துக் கெட்டுப்போகும். அதனால் வாய்க்கால் வெட்டிக் கடலுக்கே விட்டுவிடுவார்கள்.

"சரி. ஏன் அவை கடைசிவரை நிற்கின்றன?"

அவள் சொன்னாள். அது இன்னொன்று கேட்டது. ஒரே கேள்வி என்று சொன்னது ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் தான் எதற்கு வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. அவ்வளவு நன்றாக யாரும் அவளோடு பேசியதில்லை. முடியும்போது வருத்தமாக இருந்தது.

"மிகச் சிறப்பு. இந்தப் பட்டத்துக்கு முழுத் தகுதி உடையவர் நீங்கள். வாழ்த்துகள், ஷெர்லின்."

அதிகாரி கையை அசைத்து, பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகும்படி சைகை செய்தார். வெளியே காரில் ஷெர்லினின் அப்பா காத்திருந்தார். அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "முடிஞ்சிதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அறையைக் காலி செய்துவிட்டு முப்பிடாதி பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் பொன்மலரும் நின்றாள். அவளுடைய டேப்லெட் பையில் இருந்தது. முப்பிடாதியைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தாள்.

"உங்க ரூம் பதிவு வந்துச்சு. பாத்தேன்." கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தாள். "நான் கேட்டிருக்காட்டியும் அந்த மெஷின் கண்டுபிடிச்சிருக்கும்."

"ஆமாக்கா."

"நான் வெளிய சொல்லல. சொன்னா என் ஆராய்ச்சியில இந்தக் காலேஜையே எடுத்துடணும். எடுத்தா முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்." அவள் அதை மன்னிப்புக் கேட்பது போலவும் சொல்லவில்லை, கேட்காதது போலவும் சொல்லவில்லை. "அன்னைக்கு நீங்க பதில் சொல்லவே இல்ல. இப்பச் சொல்றீங்களா? எதனால பட்டையைப் பயன்படுத்துனீங்க?"

முப்பிடாதி யோசித்தாள். பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க."

"யாரு?"

"அவளுகளும். அதுவும்."

பொன்மலர் டேப்லெட்டை எடுத்தாள். விரல் மூன்றாவதுக்குப் போய், ஒன்றாவதுக்குப் போய், கடைசியில் ஐந்தாவதில் நின்றது. "இது மற்றவைலதான் வரும்."

"மற்றவைய என்னக்கா செய்வீங்க?"

"கணக்குப் போடும்போது எடுத்துடுவோம்" என்றாள் பொன்மலர்.

கம்ப்யூட்டரில் தப்பாகிவிட்டது, பட்டம் வராது என்று அம்மாவிடம் சொன்னாள் முப்பிடாதி. பொன்னுத்தாய் யார் செய்த தப்பு என்று கேட்கவில்லை. கம்ப்யூட்டர் தப்பு என்றால் கேட்க ஆளில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு பழைய சட்டையையும் ரப்பர் செருப்பையும் எடுத்து மகளிடம் கொடுத்தாள். "மொத வாரம் கண்ணுதான் கூசும்" என்றாள். "பெறவு பழகிரும்."

நூர் சில நாள் போன் செய்தாள். கடையில் நிற்கிற கதையெல்லாம் சொல்வாள், திட்டுவாள், சிரிக்க வைப்பாள். பிறகு அதுவும் குறைந்தது. பேசும்போதெல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது.

மழைக்காலம் முடிந்து அளத்தில் மறுபடி உப்பு வாரத் தொடங்கிய சமயத்தில் ஷெர்லின் கூப்பிட்டாள். கல்யாணம் முடிந்திருந்தது. விசாவுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகுமாம். அங்கே போனதும் வேலை கிடைக்க மேற்படிப்பு வேண்டுமாம். பதிவைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய பல்கலைக்கழகம் அவளைக் கூப்பிட்டு எம்.எஸ்ஸி. இடம் கொடுத்துவிட்டது. வீட்டிலிருந்தே படிக்கலாம்.

"அதுலதாம் முப்பி ஒரு இது. பட்டைய நான் கட்டுனா நீ ஷெர்லின் இல்லங்குது." சிரித்தாள். முன்பு சிரித்த அதே சிரிப்பு. "நீ சும்மாதான இருக்க? கூரியர்ல அனுப்புதேன். சாப்பாட்டு நேரத்துல, சாயங்காலத்துல, எப்பம் முடியுதோ அப்பம் கட்டிக்கோ."

நான் சும்மா இல்லை என்று சொல்ல முப்பிடாதி வாயைத் திறந்தாள். கை உப்பில் வெந்து சிவந்திருந்தது. முடியாது என்று சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் அன்று காலைதான் ஒரு பாத்தியில் உப்பு வழக்கத்தை விடப் பெரிய பரல்களாக விழுந்திருந்ததைப் பார்த்திருந்தாள். ஏன் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். கேட்க யாரும் இல்லை. சோதனைக்கூடத்துக் கண்ணாடி ஜன்னல் சாத்தியே இருந்தது.

"அனுப்பு" என்றாள்.

அளத்தின் ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திய உப்பு அம்பாரங்கள் நிற்கும். மத்தியானத்தில் அவற்றின் பக்கத்தில் ஆள் உட்காரும் அளவுக்கு நிழல் விழும். பொன்னுத்தாயும் முப்பிடாதியும் அங்கேதான் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். பட்டை வந்த மறுநாள் சாப்பிட்டுக் கை கழுவியதும் முப்பிடாதி அதை எடுத்துக் கட்டிக்கொண்டாள். வியர்வையில் அது வழுக்காமல் நின்றது.

"புதிய படிப்புக்கு வரவேற்கிறேன்" என்றது பட்டை. "தொடங்கும் முன் உங்கள் பெயரை ஒரு முறை சொல்லுங்கள்."

"முப்பிடாதி."

காற்றில் தார்ப்பாய் அடித்துக்கொண்டது.

"மன்னிக்கவும். அந்தப் பெயரில் யாரும் இல்லை. மீண்டும் சொல்லுங்கள்."

அவள் எதிரே பார்த்தாள். பாத்திகள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தின.

"ஷெர்லின்" என்றாள்.

"வணக்கம், ஷெர்லின். நெடுநாள் ஆகிவிட்டது. படிகங்கள் வளர்வதைப் பற்றிப் பார்க்கலாமா? சில நேரம் உப்பு வழக்கத்தை விடப் பெரிதாக விழும், கவனித்திருக்கிறீர்களா?"

பொன்னுத்தாய் தூக்குச்சட்டியை மூடிவிட்டுத் திரும்பினாள். அவளுக்குப் பட்டை பேசுவது கேட்காது. மகள் சொன்னது மட்டும் கேட்டிருந்தது.

"யாருளா அது, ஷெர்லின்?"

"கூடப் படிச்ச புள்ளம்மா."

"நல்லாப் படிப்பாளோ?"

முப்பிடாதி தலையை ஆட்டினாள்.

"ஆமாம்மா. நல்லாப் படிப்பா."